பிச்சித் தொட்டியில வெள்ளைப் புழு, தார்சா பூரா கறுப்புக் கொசு: மண்ணை மொத்தமா கொட்டிரணுமா?

பெருமாள்புரம் பிச்சி

பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல இருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுதேன். சுருக்கிக் கேட்டா "வேப்பெண்ணெய் அடிங்க"ன்னு ஒத்தை வரியில முடிச்சிட்டுப் போயிருவிய.

வீட்டு முன்பக்கம் தார்சாவுல 14 தொட்டி நிக்கு. காலைல ஒம்பது மணி வரைக்கும் வெயில் விழும், பொறவு நெழல்தான். கறிவேப்பிலை, ஓமவல்லி, வெத்தலைக்கொடி, ரெண்டு மணிபிளாண்ட், ஒரு செம்பருத்தி, மத்ததெல்லாம் குரோட்டன்ஸ் மாதிரி சில்லறை. இதுல எனக்கு உசிரு ஒரே ஒரு தொட்டிதான். பிச்சி. கல்லிடைக்குறிச்சியில எங்க ஆச்சி வீட்டுக் கிணத்தடியில நின்ன கொடியோட பதியன் அது. 2019ல அந்த வீட்டை வித்தாச்சு. விக்கதுக்கு முந்தின மாசம் எங்கம்மா பதியன் போட்டு எடுத்துத் தந்தா. இப்ப அந்தக் கிணத்தடியில யாரோட காரோ நிக்கு. அதனால "போனா போகுது, வேற செடி வாங்கிக்கிடுங்க"ன்னு மட்டும் யாரும் எழுதிராதிய.

புரட்டாசியில எல்லாத் தொட்டிக்கும் மண்ணு மாத்தினேன். அங்கதான் வினை. ஆன்லைன்ல 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூளு) கட்டி ஒண்ணு வாங்கினேன். பால்காரர்கிட்ட ஒரு சாக்கு சாணி எரு. "ரெண்டு மாசம் மக்கினது"ன்னாரு, நானும் மோந்து பாக்கல. செம்மண்ணு வீட்டுல கொஞ்சம் கிடந்துச்சு. கறிவேப்பிலை தவிர மத்ததுல கோகோபீட்தான் பாதிக்கு மேல. தெனமும் காலைல அரிசி களஞ்ச தண்ணி ஒரு செம்பு, சாயங்காலம் சும்மா தண்ணி. வடிகட்டின டீத்தூளையும் மண்ணு மேல போட்டுக்கிட்டு வந்தேன்.

இப்ப நடக்கது இது. தண்ணி ஊத்தினதும் மண்ணுல இருந்து புகை மாதிரி சின்னக் கறுப்புக் கொசு எந்திரிக்கு. கடிக்கல. ஆனா காப்பியில விழுது, ராத்திரி செல்போன் வெளிச்சத்துல வந்து ஒட்டுது, நேத்து மாமா மூக்குக்குள்ளயே போயிட்டு. மண்ணை லேசாக் கிளறினா நூல் மாதிரி வெள்ளைப் புழு, தலை மட்டும் கறுப்பு. ஆழமாத் தோண்டினா இன்னொரு ஜாதி: சுண்டுவிரல் தண்டிக்குக் கொழுகொழுன்னு, வளைஞ்சு, பழுப்புத் தலை. பிச்சித் தொட்டியில மட்டும் ஏழு இருந்துச்சு. அடி ஓட்டை வழியா நாங்கூழ் (மண்புழு) வேற எட்டிப் பாக்கு. பிச்சி இலை அடியில இருந்து மஞ்சளாகி வருது, மொட்டு விரியாமலே உதிருது.

எங்க கொழுந்தனாருக்கு சேரன்மகாதேவிப் பக்கம் வயல் இருக்கு. நெல்லுக்குப் போட்டு மிஞ்சின பழைய குருணை மருந்து ஒரு பொட்டலம் தந்து, "தொட்டிக்கு ஒரு கரண்டி போடுங்க மைனி, புழு பூண்டோட போயிரும்"ன்னாரு. வீட்ல அவிய போட்டுரலாம்ங்காவ. ஓமவல்லி இலைதான் எங்க வீட்டுச் சின்னவனுக்குச் சளி மருந்து. எனக்குக் கை வரமாட்டேங்கு.

என்ன செய்ய?

தேரிக்காட்டான்

திசையன்விளைப் பக்கம் வந்து ரெண்டு மூடை தேரி மண்ணு அள்ளிட்டுப் போங்கக்கா. எங்க ஊர் மண்ணுல கொசுவும் இருக்காது, புழுவும் இருக்காது. பனை, முந்திரி, உடைமரம் தவிர செடியும் இருக்காது.

ஆலங்குளம் நர்சரிக்காரன்

தங்கச்சி, முதல்ல அந்தப் பொட்டலத்தைச் சின்னப் பிள்ளை கை எட்டாத எடத்துல வைங்க. நெல்லுக்குப் போட்ட பழைய குருணைன்னா அது போரேட்டா இருக்கும், இல்ல கார்போஃபியூரானா இருக்கும். போரேட்டை 2020 கடைசியோட நம்ம நாட்டுலயே நிறுத்தியாச்சு. ரெண்டுமே வேர் வழியா ஏறி இலைக்குப் போற சரக்கு. கறிவேப்பிலைத் தொட்டியில போட்டா ரசத்துக்கு வந்துரும், ஓமவல்லியில போட்டா பிள்ளை வாய்க்கு வந்துரும். கொழுந்தனார் நல்ல மனசோடதான் தந்திருப்பாரு. இருந்தாலும் வயக்காட்டு மருந்துக்குத் தார்சாவுல சோலி கிடையாது. வெறுங்கையால தொடவும் செய்யாதிய.

அடுத்து, நீங்க சொன்னதுல மூணு ஜாதி இருக்கு. எல்லாத்தையும் "புழு"ன்னு ஒரே கயித்துல கட்டினதாலதான் பயந்து போயிருக்கிய.

கறுப்புத் தலை வச்ச நூல்புழு, அந்தக் கொசுவோட குட்டி. தாய் மண்ணு மேல முட்டை போடும், புழு மேல் ரெண்டு இஞ்சுக்குள்ளயே கிடந்து அழுகினதையும் பூசணத்தையும் திங்கும். மண்ணு ஓயாம ஈரமா இருந்து, திங்கதுக்குப் பூசணமும் இருந்தா அதுக்கு அதான் கல்யாண வீடு. நீங்க காலைல அரிசித் தண்ணி, மேல டீத்தூள், சாயங்காலம் மறுபடியும் தண்ணின்னு மூணு நேரமும் பந்தி வச்சிருக்கிய! வராம என்ன செய்யும்?

ரெண்டாவது, கொழுத்த புழு. அது வண்டுக் குட்டி. கொசுவுக்கும் அதுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. மக்காத சாணியோட வந்தது. ரெண்டு மாசச் சாணி எருவே கிடையாது தங்கச்சி, சாணிதான். ஆறு மாசம் கிடந்து, கையில எடுத்தா தேயிலைத் தூள் மாதிரி உதிரணும், சாணி வாடை துளியும் வரப்படாது, அப்பதான் எரு. இதை நான் காசு குடுத்துப் படிச்சேன். நர்சரி ஆரம்பிச்ச புதுசுல அவசரத்துக்கு ஒரு தொழுவத்துல இருந்து வண்டிச் சாணியை எடுத்து மூவாயிரம் பைக்கு மண்ணு கலந்துட்டேன். நாப்பது நாள்ல கொய்யாக் கன்னு ஒண்ணொண்ணாச் சாயுது. புடிச்சு இழுத்தா கையோட வருது, அடியில வேரே இல்ல. பையைக் கிழிச்சா உள்ள ராசா மாதிரி சுருண்டு கிடக்கான். பீடி சுத்தப் போற நாலு பொம்பளைப் பிள்ளையளைக் கூலிக்குக் கூப்பிட்டு ஒவ்வொரு பையா அவுத்து பொறுக்கினோம். எங்க வீட்டுக் கோழிக்கு அந்த மாசம் தீபாவளி.

நாங்கூழை விடுங்க. அது பாவம். தொட்டிக்குள்ள சூடு தாங்காம, இல்லன்னா தண்ணி கட்டி மூச்சு முட்டி வெளிய வருது. எடுத்து வீட்டுப் பின்னால மண்ணுல போட்டுருங்க. ஆனா அது அடி ஓட்டையில வந்து நிக்கதுன்னா உள்ள தண்ணி தேங்குதுன்னு அர்த்தம். எனக்கு அந்தக் கொழுத்த புழுவை விட அதுதான் உறுத்துது.

ஒரு ஈர்க்கை எடுத்துத் தொட்டி ஓரமா அடி வரைக்கும் குத்தி, பத்து எண்ணி உருவிப் பாருங்க. மேல் மண்ணு காஞ்ச மாதிரி இருக்கும், ஈர்க்கு அடியில சேறு ஒட்டியிருக்கும். அப்படி இருந்தா தண்ணியை இன்னைக்கே நிறுத்துங்க. மத்ததைப் பொறவு பேசுவோம்.

அம்பை அடுக்களை

அக்கா, நூல்புழு எந்தத் தொட்டியில எவ்வளவு இருக்குன்னு பாக்க நான் உருளைக்கிழங்குதான் வைப்பேன். தோலைச் சீவிட்டு அரை இஞ்சு கனத்துக்கு வட்டமா நறுக்கி, மண்ணு மேல அமுத்தி வச்சிருங்க. ரெண்டு நாள் கழிச்சுத் திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் புழு ஒட்டிக் கிடக்கும். அப்படியே எடுத்து வெயில்ல போட்டுரலாம். எல்லாத்தையும் புடிக்காது, ஆனா எந்தத் தொட்டி முத்தின கேஸுன்னு தெரிஞ்சிரும்.

பறக்கிறதுக்கு மஞ்சள் அட்டை. கடையில ஒட்டுற அட்டையே விக்கி. நான் பழைய மஞ்சள் பிளாஸ்டிக் வாளி மூடியில வெளக்கெண்ணெய் தடவி, மண்ணுக்கு ரெண்டு விரக்கடை மேல ஈர்க்குல சொருகி வைப்பேன். உசரத்துல தொங்கவிட்டா அவ்வளவா விழாது. நாலு நாளைக்கு ஒருக்க துடைச்சிட்டு மறுபடி தடவணும், தூசி படிஞ்சா ஒட்டாது.

மண்ணைப் பத்தி என் கதையையும் கேளுங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஆத்துத் தண்ணி எங்க தெருவுக்கு வந்து, வடிஞ்ச பொறவு ஒரு முழம் வண்டல் கிடந்துச்சு. தாமிரபரணி வண்டல், நெல்லு கொட்டுற மண்ணு, சும்மாவா கிடைக்கும்னு பத்துத் தொட்டிக்கு அதை மட்டுமே நெப்பிட்டேன். மாசியில அது செங்கல்லாயிட்டு. மேல வெடிப்பு, ஓரத்துல விலகி நிக்கு, தண்ணி ஊத்தினா சுத்தி வழிஞ்சு கீழ வந்துரும், நடுவுல பொட்டு ஈரம் கிடையாது. கடைசியில கம்பியால உடைச்சுத்தான் எடுத்தேன். வயலுக்கு நல்ல மண்ணு, தொட்டிக்கு நல்ல மண்ணா இருக்கும்னு சொல்ல முடியாது.

கடலைப் புண்ணாக்கு ஊற வச்சு ஊத்துற பழக்கம் இருந்தா இப்போதைக்கு வேண்டாம். வாடைக்கே எல்லாம் வந்து சேரும். எங்க பக்கத்து வீட்டு மைனி அதனால என்கிட்ட ஒரு மாசம் பேசல.

கிள்ளிகுளத்து மாணவன்

அக்கா, வேளாண்மைக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அண்ணாச்சி சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கொழுத்த புழு எல்லாமே வேரைத் தின்னும் என்று இல்லை. கொல்லுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

புழுவைக் கழுவி வழவழப்பான தரையில் விடுங்கள். அது மல்லாக்கப் புரண்டு, கால் ஆறும் ஆகாசத்தைப் பார்க்க, முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூ வண்டு இனத்தின் புழு. மக்கினதையும் மக்காத சாணியையும்தான் தின்னும். பெரும்பாலும் உயிர் வேருக்குப் போகாது. ஆனால் தொட்டி சின்ன இடம், சாணி தீர்ந்துபோனால் மண்ணைக் குடைந்து வேரை அசைத்துவிடும். அதனால் தொட்டியில் வேண்டாம், எருக்குழியில் இருக்கட்டும். முதுகால் போகாமல் ஒருக்களித்து வளைந்தே கிடந்தால் வேர் தின்னும் வெள்ளைப் புழுவாக இருக்கலாம். கட்டைவிரலை விடப் பெரிதாக, மூன்று இஞ்சுக்குப் போனால் காண்டாமிருக வண்டு. அதை உயிரோடு தூக்கிப் போடாதீர்கள். வளர்ந்தால் தென்னங்குருத்தைத்தான் குடையும். விசிறி மாதிரி வெட்டுப்பட்ட மட்டை பார்த்திருப்பீர்களே, அது இவர் வேலை. எருக்குழியில் இது நிறைய இருந்தால் மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூசணத்தைக் கலந்துவிடுவோம். அது புழுவின் தோல் வழியாக உள்ளே போய்க் கொல்லும்.

உங்கள் மண்ணில் இருக்கும் கறுப்புக் கொசுவின் புழுவுக்குக் கடையில் "பி.டி." (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) என்று கேட்டால் இலை தின்னும் புழுவுக்கான குர்ஸ்டாகி வகையைத் தந்துவிடுவார்கள். அது கேட்காது. உங்களுக்கு வேண்டியது இஸ்ரேலென்சிஸ் என்ற வகை, 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்த பாக்டீரியா. கடிக்கிற கொசுவின் புழுவை ஒழிக்கத் தண்ணீரில் விடுவதும் அதுதான். தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்றினால் நூல்புழு அதைத் தின்று சாகும். பறக்கிறதை ஒன்றும் செய்யாது. ஆனால் மண்ணைக் காயவிடாமல் இதை மட்டும் ஊற்றினால் மறுமாதமும் ஊற்ற வேண்டியிருக்கும்.

பெருமாள்புரம் பிச்சி

அண்ணாச்சி, தம்பி, அம்பை அக்கா எல்லாருக்கும் நன்றி. நேத்து ஞாயித்துக்கிழமை, ஒரு கை பாத்திருவோம்னு எறங்கிட்டேன்.

முதல்ல ஈர்க்கு. குத்தி எடுத்தா அடியில நாலு விரக்கடைக்குச் சேறு, அழுகின முட்டை வாடை. மேல மண்ணு பொருபொருன்னு காஞ்சிருந்துச்சு. நானும் அதைப் பாத்துப் பாத்துல்லா தண்ணி ஊத்தியிருக்கேன்!

அடுத்து புழுச் சோதனை. ஏழையும் ஒரு கிண்ணத்துல கழுவி, தார்சா டைல்ஸ்ல வரிசையா விட்டேன். வீட்ல அவிய பேப்பரை மடிச்சு வச்சிட்டு வந்து குத்த வச்சு உக்காந்துட்டாவ. ஒரு நிமிசம் எல்லாம் வளைஞ்சு கம்முன்னு கிடந்துச்சு. பொறவு ஒண்ணு மெல்ல நிமிந்து, அப்படியே மல்லாந்துச்சு. சின்னக் கால் ஆறும் மேல கிடந்து சும்மா ஆடுது, காலுக்கு அங்க ஒரு சோலியும் இல்ல. முதுகுச் சதை அலை மாதிரி மடிஞ்சு மடிஞ்சு, மயிர்க்காலைத் தரையில ஊணி ஊணி, நேரா சுவரைப் பாத்து ஓடுது. ஓடுதுன்னா நெசமாவே வேகமா. அஞ்சு அப்படியே போச்சு. ரெண்டு மட்டும் கடைசி வரைக்கும் ஒருக்களிச்சே கிடந்துச்சு. "இந்த ரெண்டு பேரும் சரியில்ல"ன்னு அவியளே தீர்ப்பு சொல்லிட்டாவ. அந்த ரெண்டும் எதிர்த்த வீட்டுக் கோழிக்குப் போச்சு. அஞ்சுல நாலைப் பால்காரர் எருக்குழிக்கே திருப்பி அனுப்பிட்டேன். ஒண்ணைச் சின்னவன் தர மாட்டேன்னு பாட்டில்ல சாணியோட போட்டு வச்சுக்கிட்டான்.

பிச்சியைக் கவுத்தேன். நான் நெனச்சது வேரைப் புழு தின்னிருக்கும்னு. தின்ன தடமே பெருசா இல்ல. அடிப்பக்கத்து வேரு பூரா பழுப்பு, புடிச்சு இழுத்தா மேல்தோல் உறை மாதிரி கழண்டு கையில வருது, உள்ள நூல் மட்டும் மிச்சம். தொட்டி அடி ஓட்டையில கோகோபீட் அடை மாதிரி அப்பிக் கிடந்துச்சு, அதுக்குள்ளதான் நாங்கூழ் நாலு. அப்ப புழு மேல பழி போட்டுக்கிட்டு நான்தான் செடியை முக்கிக் கொன்னிருக்கேன். மேல பாதி வேரு வெள்ளையா நல்லாத்தான் இருக்கு. இப்ப அதை ஈரச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். அண்ணாச்சி, சீக்கிரம் சொல்லுங்க.

உருளைக்கிழங்குல முத்தின கேஸு மணிபிளாண்ட். திருப்பினா பத்து முப்பது. கறிவேப்பிலையில ஒண்ணு கூட இல்ல, அதுக்கு நான் கோகோபீட் போடல.

ஆலங்குளம் நர்சரிக்காரன்

தங்கச்சி, பாதி வேரு வெள்ளையா இருந்தா பிச்சி பொழைச்சுக்கும். அது லேசுல சாகாது, தோவாளைச் சந்தைக்குப் பூ பறிக்கிறவியள்ட்டக் கேளுங்க.

கத்தரியை நெருப்புல காட்டி, பழுப்பு வேரை எல்லாம் நல்ல வேரு தொடங்குற எடம் வரைக்கும் வெட்டிருங்க. வேரு பாதி போனா கொடியும் பாதி போகணும், இல்லன்னா குடிக்க ஆள் இல்லாம இலைக்குத் தண்ணி பத்தாது. எப்படியும் மார்கழியில பிச்சியைக் கவாத்து பண்ணுறதுதான், ஒரு மாசம் முந்திப் பண்ணினதா வச்சுக்கிடுங்க. மனசு கேக்காதுதான். ஒண்ணரை அடிக்கு விட்டுட்டு மத்ததை வெட்டுங்க. வெட்டின குச்சியில பென்சில் தண்டி உள்ளதை நாலு கணு அளவுக்கு நறுக்கி ஈர மணல்ல குத்தி வைங்க. ஆச்சி பிச்சி ஒத்தைத் தொட்டியில இருக்கது எனக்கு என்னமோ சரியாப் படல.

தொட்டியை மாத்துங்க. பிளாஸ்டிக்கை நான் குறை சொல்லல, நானே அதுலதான் விக்கேன். ஆனா நெழல்ல நிக்க செடிக்கு மண் தொட்டி. காருகுறிச்சிப் பக்கம் போனா கிடைக்கும். மண் தொட்டி பக்கவாட்டுலயும் ஈரத்தை வேர்த்து வெளிய விடும். ஓட்டை மேல உடைஞ்ச ஓட்டுச்சில்லு ஒண்ணைக் குப்புறக் கவுத்து வச்சாப் போதும். கல்லு கல்லா அரைத் தொட்டிக்கு அடுக்காதிய, அது வேருக்கு உள்ள எடத்தைத்தான் குறைக்கும்.

மண்ணு: செம்மண் ரெண்டு பங்கு, பருமணல் ஒண்ணு, மக்கின எரு ஒண்ணு. ஆத்து மணலுக்கு இப்ப எங்க போக, எம்-சாண்டைச் சலிச்சு மாவை நீக்கிட்டுக் கப்பியை மட்டும் போடுங்க. வேப்பம் புண்ணாக்கு தொட்டிக்கு ஒரு கைப்பிடி, மண்ணோட கலந்து ஈரம் காட்டிப் பத்து நாள் வச்சிருந்துதான் செடி வைக்கணும். உங்களுக்கு அவசரம், அதனால பிச்சிக்கு இப்ப எருவும் வேண்டாம் புண்ணாக்கும் வேண்டாம், வெறும் செம்மண்ணும் கப்பியும் போதும். வேரு அழுகின செடிக்கு உரம் போடுறது காச்சக்காரனுக்குப் பிரியாணி வாங்கிக் குடுக்க மாதிரி. புது இலை விட்ட பொறவு பாத்துக்கிடலாம். புண்ணாக்கை எப்பவும் மண்ணுக்குள்ள கலக்கணும், மேல தூவினா வெள்ளையாப் பூசணம் பூத்து மறுபடியும் கொசுவுக்கு அழைப்பு வச்ச மாதிரி ஆயிரும்.

கோகோபீட்டை நான் தொடுறதே இல்ல. அது தண்ணியைப் புடிச்சா விடாது.

கிள்ளிகுளத்து மாணவன்

அண்ணாச்சி, கோகோபீட் மேல் இவ்வளவு கோபம் வேண்டாம். தன் எடையைப் போல பல மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்பது உண்மைதான். மொட்டை வெயிலில் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வைக்கிற தக்காளிக்கு அது வரம். தார்சா நெழலில் பாதிக்கு மேல் போட்டதுதான் தப்பு. நாலில் ஒரு பங்கு போதும். அதையும் ரெண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்து போடணும், தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும்.

ஆலங்குளம் நர்சரிக்காரன்

சரிடே தம்பி. நாலுல ஒண்ணு. தட்டட்டிக்கு மட்டும்.

தங்கச்சி, கொட்டின பழைய மண்ணைத் தூரப் போட்டுராதிய. இப்ப மழைக் காலம், ஒண்ணும் செய்ய முடியாது, சாக்குல கட்டி வைங்க. பங்குனி, சித்திரையில தட்டட்டியில அரை அடி கனத்துக்குப் பரத்தி, நல்லா ஈரமாக்கி, கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, ஓரத்துல காத்துப் போகாம கல்லு வைங்க. கறுப்புத் தாள் வேண்டாம், அதுல தாள்தான் சுடும், மண்ணு அவ்வளவா சுடாது. அஞ்சாறு வாரம் கிடந்தா முட்டை, புழு, பூசணம், களை விதை முக்காவாசி வெந்துரும். நம்ம ஊர் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது, இந்த ஒரு வேலைக்கு அதைக் கும்பிடலாம்.

புளியங்குடி எலுமிச்சை

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். செம்பருத்தியில வெள்ளையா மாவு மாதிரி அப்பிக் கிடக்கு, எறும்பு வேற வரிசை கட்டிப் போகுது. அதுக்கும் இந்த மண்ணு வைத்தியம் கேக்குமா?

ஆலங்குளம் நர்சரிக்காரன்

கேக்காது, அது மாவுப்பூச்சி. அது வடிக்கிற இனிப்புக்காக எறும்புதான் கூலியில்லாமக் காவல் காக்கு. முதல்ல நுனியை ஒடிச்சு எரிங்க. மிச்சத்தைத் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவுங்க. அடுத்த நாள் சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். எண்ணெயைச் சோப்புல கலக்கிட்டுத்தான் தண்ணியில ஊத்தணும், இல்லன்னா எண்ணெய் மேல மிதக்கும், முதல் இலைக்கு வெறும் தண்ணியும் கடைசி இலைக்கு வெறும் எண்ணெயும் போகும். வாரம் ஒருக்க, மூணு வாரம். எறும்புப் பாதையை அடைக்காம எது அடிச்சாலும் பிரயோசனம் இல்ல.

இந்த மாவுப்பூச்சியில ஒரு ஜாதி, பப்பாளி மாவுப்பூச்சி, 2008ல கோயம்புத்தூர்ல முதல்ல தட்டுப்பட்டு ரெண்டே வருசத்துல நம்ம பக்கம் பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி எல்லாத்தையும் வெள்ளையடிச்சிட்டு. எந்த மருந்துக்கும் அடங்கல, அதுக்கு மேல மாவு இருக்கதால மருந்து உள்ள எறங்காது. 2010ல வெளிநாட்டுல இருந்து கண்ணுக்குத் தெரியாத சைஸுல ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டாந்து விட்டாவ. அது மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை போட்டு முடிச்சுக் கட்டிச்சு. அன்னைக்கு நான் மருந்து அடிச்சுக்கிட்டே இருந்தா அந்தக் குளவியும் செத்திருக்கும். அதுல இருந்துதான் மருந்து டப்பாவை எடுக்க முன்னால ஒரு நாள் யோசிக்கேன்.

பெருமாள்புரம் பிச்சி

அஞ்சு வாரம் ஆச்சு. சொல்லாம இருந்தா நல்லா இருக்காதுன்னு வந்தேன்.

அரிசித் தண்ணி, டீத்தூள் ரெண்டையும் நிறுத்தினேன். தண்ணி ஈர்க்குப் பாத்துத்தான். தொட்டிக்குத் தொட்டி வேற வேற கணக்கு வருது: கறிவேப்பிலை ரெண்டு நாளைக்கு ஒருக்க கேக்கு, மணிபிளாண்ட் எட்டு நாள் வரைக்கும் வாயே தொறக்கல. எல்லாத் தொட்டி மேலயும் ஒரு விரக்கடைக்குக் கப்பி மணல் பரத்தினேன். தம்பி சொன்ன பாக்டீரியாவுக்கு மூணு கடை ஏறி எறங்கி, மூணுலயும் குர்ஸ்டாகியையே நீட்டினாவ, விட்டுட்டேன். மஞ்சள் மூடியில ஒரு வாரத்துக்கு விழுந்ததைச் சின்னவன் காலண்டர்ல எழுதி வச்சான்: 61, 48, 50, 17, 4. மூணாவது வாரம் குறையாம நின்னதும் எனக்குக் கோவம் வந்து கொழுந்தனார் பொட்டலத்தை நெனச்சேன், பொய் சொல்ல மாட்டேன். அப்ப அம்பை அக்காதான், முட்டையில இருந்து பறக்கது வரைக்கும் மூணு நாலு வாரம் ஆகும், ஏற்கெனவே மண்ணுக்குள்ள இருந்தது இப்ப வெளிய வருது, பொறுங்கன்னாவ. நாலாவது வாரம் விழுந்துட்டு.

பொட்டலத்தைக் கொழுந்தனார்ட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். கொஞ்சம் மொகம் சுண்டிட்டு அவியளுக்கு. அடுத்த வாரம் வயல்ல இருந்து ஒரு சாக்கு எரு கொண்டு வந்து, "மூணு வருசம் மக்கினது மைனி, மோந்து பாத்துக்கிடுங்க"ன்னு எறக்கிட்டுப் போனாவ. மோந்து பாத்தேன். மழை பெஞ்ச மண்ணு வாடைதான்.

பிச்சி மூணு எடத்துல தளிர் விட்டிருக்கு, செவப்பா. குச்சி பன்னெண்டு குத்தினதுல ஏழு பச்சையா நிக்கு. ஒண்ணு எங்கம்மாவுக்கு, ஒண்ணு அம்பை அக்காவுக்கு எடுத்து வச்சிருக்கேன்.

இப்ப ஒரே ஒரு கேள்வி மிச்சம். சின்னவன் பாட்டில்ல போட்ட புழுவைக் காணல. சாணிக்கு நடுவுல நெல்லிக்காய் தண்டிக்கு ஒரு மண் உருண்டை இருக்கு, அதைக் கையில எடுத்துத் தெனமும் காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாக்கான். குலுக்கலாமா தம்பி?

கிள்ளிகுளத்து மாணவன்

குலுக்கக் கூடாது அக்கா! அது கட்டின கூடு. உள்ளே புழு இப்போது கூட்டுப்புழுவாக மாறிக்கொண்டு இருக்கும். உடையாமல் சாணிக்குள்ளேயே திருப்பிப் புதைத்து, லேசாக ஈரம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டில் மூடியில் ஓட்டை இருக்கிறதா? சில வாரத்தில் வண்டு வெளியே வரும். வந்ததும் ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள், என்ன வண்டு என்று நானும் பார்க்க வேண்டும்.